டெட்லைன் என்பதில் அந்த ‘டெட்’ எங்கிருந்து வந்தது?

வந்தவாசி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ் வழிப் பிள்ளைகள். போன வாரம் ஐந்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். கட்டுரையை ஒப்படைக்க வெள்ளிக்கிழமைதான் டெட்லைன் என்பது அதில் ஒன்று. பெரும்பாலானவர்கள் ‘கடைசி நாள்’ என்று எழுதிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் ‘வெள்ளிக்கிழமை சாவுக்கோடு’ என்று எழுதியிருந்தான்.

சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘கடைசி நாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கத்து பெஞ்சுப் பையன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டான். வகுப்பே சிரித்தது. இவன் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு என் மேஜைக்கு வந்து, “டீச்சர், டெட்னா செத்ததுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. லைன்னா கோடு, அதுவும் நீங்கதான். ரெண்டும் சேந்தா மட்டும் சாவு எங்க போயிடுது?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நாலு நாள் ஆகிறது. தினமும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தச் சொல்லுக்குள் சாவு எப்படி நுழைந்தது?

மேகநாதம்:

டீச்சர், இதில் பெரிய கதை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘டெட்’ என்பது பல இடங்களில் ‘அதற்கு மேல் போக முடியாது’ என்ற பொருளில்தான் வரும். முட்டுச்சந்தை டெட் எண்ட் என்கிறோம். பேச்சுவார்த்தை சிக்கிக்கொண்டால் டெட்லாக். அந்த வரிசையில் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பையனுக்குப் புரிந்துவிடும்.

பழைய கம்பாசிட்டர்:

டீச்சரம்மா, அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. மேகநாதம் சொன்ன டெட் எண்டும் டெட்லாக்கும் உண்மைதான். ஆனால் டெட்லைன் அந்த வரிசையில் வந்த சொல் இல்லை. அது நிஜமாகவே சாவுக்கோடுதான். அந்தக் கோடு கிடந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் அங்கே இருந்தேன். நாற்பது வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், சும்மா உட்கார முடியாது. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, “மாமா, உங்களுக்குப் பிடிக்கும், வாங்க” என்று காரில் தெற்கே அழைத்துப் போனார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழியெல்லாம் பைன் மரங்கள், நடுநடுவே நம் பண்ருட்டிப் பக்கம் போலச் செம்மண். நாங்கள் போன ஊரின் பெயர் ஆண்டர்சன்வில்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடக்கத்தில் இரு தரப்பும் பிடித்த கைதிகளை மாற்றிக்கொண்டன. 1862 ஜூலையில் அதற்கென ஓர் ஒப்பந்தமே போட்டார்கள். வடக்குப் படையில் கறுப்பினச் சிப்பாய்கள் சேர்ந்த பிறகு, அவர்களை மற்றக் கைதிகளைப் போல நடத்தத் தெற்கு மறுத்தது. 1863-இல் பரிமாற்றம் நின்றுபோனது. பிடிபட்டவர்களை வைக்க இரு பக்கமும் இடம் இல்லாமல் போனது. தெற்குக்காரர்கள் ஜார்ஜியா காட்டுக்குள் மரம் வெட்டி ஒரு பட்டி கட்டினார்கள். அதன் அரசாங்கப் பெயர் கேம்ப் சம்டர். 1864 பிப்ரவரிக் கடைசியில் முதல் கைதிகள் வந்து இறங்கினார்கள்.

பட்டி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆடு மாடு அடைக்கிற பட்டிதான் அது. பைன் மரங்களைச் செதுக்கி நெருக்கமாக நட்டு, 15 அடிக்கு மேல் உயரமான சுவர். உள்ளே கட்டடம் கிடையாது, கூரை கிடையாது. கைதிகள் போர்வையையும் குச்சியையும் வைத்துத் தாங்களே குடில் போட்டுக்கொண்டார்கள். பத்தாயிரம் பேருக்கென்று பதினாறரை ஏக்கரில் கட்டியது. ஜூன் கடைசியில் இன்னும் பத்து ஏக்கர் சேர்த்தார்கள். ஆகஸ்டில் உள்ளே 32,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

கோடு இங்கேதான் வருகிறது. சுவருக்கு உள்பக்கம், சுவரிலிருந்து சுமார் 19 அடி தள்ளி, பட்டியைச் சுற்றிலும் குட்டைக் கம்பங்களை நட்டு, அவற்றின் தலையில் மெல்லிய மரச்சட்டத்தை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். ஒரு சிறுவன்கூடத் தாண்டிவிடுவான். அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்த வெற்று நிலத்தில் கைதி யாரும் கால் வைக்கக் கூடாது. சுவர் நெடுகிலும் மேலே காவல் கூண்டுகள். கைதிகள் அவற்றைப் புறாக்கூடு என்றார்கள். சட்டத்தைத் தொட்டால், அதன்மேல் சாய்ந்தால், கையை அந்தப் பக்கம் நீட்டினால் மேலே இருப்பவன் சுடலாம். எச்சரிக்கை தேவையில்லை. அந்தச் சட்டத்தின் பெயர்தான் டெட்லைன்.

சிக்கமாகா என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒரு கைதி இருந்தார். ஒரு கால் போனவர், ஊன்றுகோலில் நடப்பவர். சுரங்கம் தோண்டியதைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சக கைதிகள் அவர்மேல் சந்தேகப்பட்டார்கள். உள்ளே இருந்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, என்னை வெளியே விடுங்கள் என்று கேட்டபடி அந்தக் கோட்டுக்குள் போனார். 1864 மே மாதம், காவலாளி சுட்டான்.

எனக்கு அதைவிட மனதில் நிற்பது தண்ணீர்தான். பட்டியின் நடுவில் ஒரு சிற்றோடை ஓடியது. அத்தனை ஆயிரம் பேருக்கும் குடிக்க, குளிக்க, கழிக்க அது ஒன்றுதான். சுவருக்கு வெளியே, ஓடையின் மேல்பக்கம், காவல் படையின் முகாமும் சமையல் கொட்டகையும் இருந்தன. அந்த அழுக்கெல்லாம் சேர்ந்துதான் உள்ளே வரும். உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு அடிக்கும் இன்னும் கெடும். ஆகவே இருப்பதிலேயே சுத்தமான தண்ணீர் எங்கே கிடைக்கும்? ஓடை சுவரைத் தாண்டி உள்ளே நுழைகிற இடத்தில், அந்தக் கோட்டுக்கு அடியில். அங்கே போய்க் குவளையைக் கொஞ்சம் மேலே நீட்டினால் அரைக் குவளை நல்ல தண்ணீர். அப்படி நீட்டியவர்கள் சுடப்பட்டார்கள். தப்பி ஓடியவர்கள் இல்லை, தாகத்துக்குக் கை நீட்டியவர்கள்.

ஆகஸ்டில் பெருமழை பெய்து நிலத்தை அறுத்தபோது ஒரு நல்ல ஊற்று கிளம்பியது. அதுவும் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில்! கண்ணால் பார்க்கலாம், போகக் கூடாது. அப்புறம் தொட்டி வைத்து உள்ளே தண்ணீர் வரவிட்டார்கள். கைதிகள் அதைக் கடவுள் கொடுத்த ஊற்று என்றார்கள். 1901-இல் அதன்மேல் கட்டிய சிறு கல் மண்டபம் இன்றும் இருக்கிறது. நான் போனபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பதினான்கு மாதங்களில் 45,000 பேர் அங்கே அடைபட்டார்கள். ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் மட்டும் கிட்டத்தட்ட 3,000. குண்டு பட்டுச் செத்தவர்கள் அதில் மிகக் குறைவு. வயிற்றுப்போக்கும், காய்கறி பழம் காணாமல் ஈறு அழுகும் ஸ்கர்வியும்தான் கொன்றன. கல்லறைக் கற்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிப் புதைத்திருக்கிறார்கள். வரிசையாகக் கோத்த ஈய எழுத்துப் போல எனக்குத் தெரிந்தது. கையை எடுத்துக் கும்பிட்டேன்.

அந்தக் கோடு இருந்த இடத்தை இப்போது வெள்ளைக் கம்பங்களால் குறித்திருக்கிறார்கள். இரண்டு வரிசை. வெளி வரிசை சுவர், உள் வரிசை டெட்லைன். பேரன் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை டெட்லைன், திங்கட்கிழமை டெட்லைன் என்று நாலு தடவை சொன்னார். அந்த உள் வரிசைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டுதான் பேசினார். எனக்கு ஏனோ அவரை அங்கிருந்து நகர்த்தி நிற்க வைக்க வேண்டும் போல இருந்தது.

சந்தேகி:

ஐயா, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி மனதைத் தொடுகிற சொல் கதைகளை நம்ப எனக்குத் தயக்கம். பகட்டான, பணக்காரத்தனமான என்று பொருள்படும் ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கதை உண்டே. பி அண்ட் ஓ என்ற கம்பெனியின் கப்பலில் இந்தியாவுக்கு வரும் பணக்காரத் துரைமார் வெயில் படாத பக்கம் அறை கேட்பார்களாம். வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம் என்ற அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சீட்டில் முத்திரை குத்துவார்களாம், அதுவே சொல்லானதாம். கேட்க எவ்வளவு அழகு! அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை. டெட்லைனும் பின்னால் கட்டிய கதையாக இருக்கலாம் அல்லவா? அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது உண்டா?

பழைய கம்பாசிட்டர்:

தம்பி, இப்படித்தான் கேட்க வேண்டும். புரூப் பார்க்காமல் எதையும் அச்சில் ஏற்றாதே என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் சொல்வார். போஷ் கதைக்குக் காகிதம் இல்லை. இதற்கு இருக்கிறது, அதுவும் இரு தரப்புக் காகிதமும்.

முதலாவது தெற்குக்காரர்களுடையது. சிறையைப் பார்த்துவர அவர்களே அனுப்பிய கர்னல் சாண்ட்லர் என்பவர் 1864 ஆகஸ்டு 5-ஆம் தேதி அறிக்கை எழுதினார். சுவரிலிருந்து சுமார் 20 அடி தள்ளி உள்ளே ஒரு மரச்சட்டம் ஓடுகிறது, அதுதான் டெட்லைன், கைதிகள் அதைத் தாண்ட அனுமதி இல்லை என்று அதில் இருக்கிறது. சிறையைப் பார்த்து நொந்துபோய் எழுதிய அறிக்கை அது. தன் பக்கத்தைக் கெட்டபேர் எடுக்க வைக்க அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இரண்டாவது வடக்குக்காரர்களுடையது. போர் முடிந்ததும் பட்டியின் பொறுப்பாளரைப் பிடித்தார்கள். ஹென்றி விர்ஸ், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1865 ஆகஸ்டு 23-இல் வாஷிங்டனில் ராணுவ விசாரணை தொடங்கியது. குற்றப்பத்திரிகையிலேயே இந்தக் கோட்டுக்குத் தனி இடம் உண்டு. பல இடங்களில் அது வெறும் கற்பனைக் கோடு, மற்ற இடங்களில் ஆடுகிற கம்பங்களின்மேல் அடித்த சட்டம், அதைத் தொட்டவரை, அதன்மேல் விழுந்தவரை, மேலேயோ கீழேயோ கடந்தவரைச் சுடும்படி காவலருக்கு உத்தரவு என்று விவரமாக எழுதியிருக்கிறார்கள். கற்பனைக் கோடு என்பதைக் கவனியுங்கள். சட்டத்தை யாராவது விறகுக்குப் பிடுங்கியிருந்தாலும், மண் சரிந்து கம்பம் விழுந்திருந்தாலும், கோடு மட்டும் அங்கேயே இருந்தது. புதிதாக வந்த கைதிக்கு அது எங்கே என்று தெரியாது. கால் வைத்த பிறகுதான் தெரியும்.

அந்த விசாரணையைப் பத்திரிகைகள் நாள்தோறும் போட்டன. அதுவரை சிறைக்குள் புழங்கிய சொல்லை நாடே வாசித்தது. விர்ஸை நவம்பர் 10-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். தூக்குமரம் நின்ற பழைய சிறை இருந்த இடத்தில்தான் இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிற்கிறது.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கோடு தெற்கின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. சிகாகோவில் வடக்குக்காரர்கள் நடத்திய கேம்ப் டக்ளஸ் சிறையிலும் டெட்லைன் இருந்தது. ஆண்டர்சன்வில் ஊருக்குள் விர்ஸுக்கு 1909-இல் வைத்த நினைவுத் தூண் இருக்கிறது. தெற்கின் மகளிர் சங்கம் எழுப்பியது. அவர் பலிகடா என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கோடு இருந்ததை இரு தரப்புமே மறுக்கவில்லை.

கைதிகளிலேயே இன்னொருவரின் காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். டோரன்ஸ் அட்வாட்டர் என்ற பத்தொன்பது வயதுப் பையன். கையெழுத்து நன்றாக இருந்ததால் இறந்தவர் பதிவேட்டை எழுத உட்கார வைத்தார்கள். பெயர், படைப்பிரிவு, நாள், காரணம், எண். இந்தப் பதிவேட்டை அவர்கள் வெளியே விடமாட்டார்கள் என்று தோன்றியதால், ரகசியமாக இன்னொரு படி எழுதி, போட்டிருந்த கோட்டுச் சட்டையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்துவிட்டான். 1865 கோடையில் போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்த கிளாரா பார்ட்டன் அம்மையார் அவனோடு அங்கே போய், அந்தப் பட்டியலைக் கொண்டு குழிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்தார். ஏறக்குறைய 13,000 குழிகளில் பெயர் தெரியாதவை 460 மட்டும்தான். ஒரு காப்பி எடுத்ததால் இத்தனை தாய்மார்களுக்குப் பிள்ளை எங்கே படுத்திருக்கிறான் என்று தெரிந்தது. எழுத்து வேலை பார்த்தவன் நான், எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

சந்தேகி:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. 1864-லேயே அரசாங்க அறிக்கையில் இருக்கிறதென்றால் பேச்சே இல்லை. ஆனால் சிறைக்கோடு எப்படி வெள்ளிக்கிழமை ஆனது? அந்தப் பாலம் எனக்குப் பிடிபடவில்லை.

பழைய கம்பாசிட்டர்:

அதற்கு என் தொழில் பக்கம் வர வேண்டும்.

ட்ரெடில் அச்சு மெஷின் தெரிந்திருக்கும், காலால் மிதிப்பது. அதைவிடப் பெரியது சிலிண்டர் மெஷின். அதில் பாரம், அதாவது கோத்த எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டியது, ஓர் இரும்புப் படுக்கையில் கிடக்கும், மேலே உருளை காகிதத்தைச் சுற்றிக்கொண்டு உருளும். காகிதத்தைப் பிடிக்க உருளையில் கிரிப்பர் என்ற இரும்பு விரல்கள் உண்டு. படுக்கையின் ஒரு ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். பாரத்தை அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் பூட்ட வேண்டும். தாண்டினால் கிரிப்பர் வந்து எழுத்தை நசுக்கும். ஆங்கில அச்சுத் தொழிலில் அந்தக் கோட்டுக்கும் டெட்லைன் என்றுதான் பேர்.

எங்கள் கடலூர்ப் பக்கத்து அச்சகத்தில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை, ‘கோடு’ என்றுதான் சொல்வோம். எனக்கு இருபது வயதில், ஒரு கல்யாணப் பத்திரிகை அவசரத்தில் பாரத்தைக் கால் அங்குலம் முன்னால் தள்ளிப் பூட்டிவிட்டேன். மெஷின்மேன் ஒரே சுற்றுதான் விட்டார். மணமகன் வீட்டார் பெயர் இருந்த முதல் வரி முழுதும் நசுங்கிவிட்டது. ஈய எழுத்து அப்படித் தட்டையாகிக் கிடந்ததைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிட மனம் வரவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள், பிடித்தது நியாயம்.

அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில்தான், 1910-களில் இந்தச் சொல் நேரத்துக்கு மாறியது. இந்த மணிக்குள் செய்தி கம்போசிங்குக்கு வராவிட்டால் அந்தச் செய்தி செத்தது, நாளைய தாளில் இல்லை. 1920-இல் பத்திரிகை ஆபீஸைப் பற்றி வந்த ஓர் ஊமைப்படம் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தது. மக்களுக்குப் புரியும் என்று தெரியாமல் தலைப்பில் வைக்கமாட்டார்களே. சிறைக் கோட்டையும் நேரக் கெடுவையும் அரை நூற்றாண்டு பிரிக்கிறது. அந்த இடைவெளியில், ‘தாண்டக் கூடாத எல்லை’ என்ற பொதுப் பொருளில் அமெரிக்கர்கள் பல காரியங்களுக்கும் இதைச் சொல்லி வந்தார்கள். இடத்தில் கிடந்த கோடு காலத்தில் போய் விழுந்துவிட்டது.

ஓசூர் மும்மொழி:

அருமையான தகவல் ஐயா. ஒரு சின்னச் சேர்க்கை. நம் தமிழில் இதற்கு ‘கெடு’, ‘காலக்கெடு’ என்கிறோம். கெடு என்பதில் ‘கெட்டுப்போவது’ இருக்கிறது, ஆகவே தமிழனும் ஆங்கிலேயனும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறான் என்று யாராவது இங்கே எழுதப்போகிறார்கள். எழுதும் முன் ஒரு நிமிடம். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். தெலுங்கில் தவணைக்கு ‘கடுவு’ என்பார்கள். கன்னடத்திலும் அதே ‘கடுவு’தான். பால்காரருக்குக் கடன் அடைக்க என் பாட்டி கேட்டு வாங்கும் கடுவுக்கும் கெட்டுப்போவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நம் கெடு அதன் உறவுக்காரச் சொல் என்றுதான் எனக்குப் படுகிறது.

நல்லூரான்:

எங்கட பக்கம் யாழ்ப்பாணத்தில விண்ணப்பங்களில ‘முடிவுத் திகதி’ எண்டுதான் போடுறது. நீங்கள் சொல்லுற தவணை எங்களுக்குப் பள்ளிக்கூடத் தவணை. முதலாம் தவணை, இரண்டாம் தவணை எண்டு சொன்னால் பிள்ளையளுக்குச் சோதினை ஞாபகம்தான் வரும். டீச்சர், ஒரு பணிவான அபிப்பிராயம். பெடியன் எழுதினது மொழிபெயர்ப்பாகப் பிழைதான், பிழை எண்டே வையுங்கோ. ஆனா சிரிச்ச பிள்ளையளுக்கு முன்னாலயே அவனுக்குப் பதில் சொல்லுங்கோ. தனியக் கூப்பிட்டுச் சொன்னால் போதாது.

வந்தவாசி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கம்பாசிட்டர் ஐயா, உங்கள் முதல் பதிலை நேற்று இரவு மூன்று முறை படித்தேன். பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று ஒரு பயம் இருந்தது. உங்கள் கருத்து வேண்டும்.

பழைய கம்பாசிட்டர்:

தாராளமாகச் சொல்லலாம் அம்மா. பதிவேடு எழுதிய அட்வாட்டருக்கு அவர்களைவிட ஐந்து வயதுதான் கூட. எண்ணிக்கையை முதலில் சொல்லாதீர்கள், 13,000 என்றால் அந்த வயதில் ஒன்றும் தோன்றாது. ஓடையைச் சொல்லுங்கள். தண்ணீரைச் சொன்னால் போதும், நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவம் உண்டு. நல்லூரான் சொன்னதையும் செய்யுங்கள். அந்தப் பையனுக்கு என் ஆசீர்வாதம்.

வந்தவாசி டீச்சர்:

ஐயா, இன்று மூன்றாவது பீரியடில் வகுப்பையே மைதானத்துக்கு அழைத்துப் போனேன். பி.டி. சாரிடம் டேப் வாங்கி, காம்பவுண்டுச் சுவரிலிருந்து 19 அடி அளந்து, கபடிக்குப் போடும் சுண்ணாம்பில் சுவர் நீளத்துக்கும் கோடு இழுத்தோம். இழுத்தது அந்தப் பையன்தான். எல்லாரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்து, நீங்கள் சொன்னபடி ஓடையிலிருந்து ஆரம்பித்தேன். சிக்கமாகாவைப் பற்றிச் சொன்னபோது அன்றைக்குச் சத்தமாகப் படித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கடைசி நாள், காலக்கெடு, முடிவுத் திகதி மூன்றையும் சொல்லி, பரீட்சையில் இவற்றில் எதை எழுதினாலும் மார்க் உண்டு, சாவுக்கோட்டுக்கு மார்க் இல்லை, ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் அதுதான் என்றேன்.

மணி அடித்தும் யாரும் நகரவில்லை. எங்கள் பள்ளிக் குடிதண்ணீர்க் குழாய் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. வெயில் வேறு. அவன் சுண்ணாம்பு ஒட்டிய கையோடு கோட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “டீச்சர், நாங்க போய்த் தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டான். எத்தனையோ முறை கேட்கிற கேள்விதான். குடியுங்கள் என்று சொல்ல எனக்குக் குரல் வரக் கொஞ்ச நேரம் ஆனது.